வாசகர் கேள்வி – பதில்: ஆட்டக்காரர் ஸ்டோயிச்கோவும் பயிற்சியாளர் ஸ்டோயிச்கோவும்

சென்ற இதழில் 1994 உலகக் கோப்பைக் கால்பந்தைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, பல்கேரியாவின் முன்கள வீரர் ஹிரிஸ்டோ ஸ்டோயிச்கோவ் ஆட்டக்காரராக எட்டிய உயரத்தைப் பயிற்சியாளராக எட்டவில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை வாசகர்கள் எழுதுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. சிலர் கோபித்திருக்கிறார்கள், சிலர் விவரம் கேட்டிருக்கிறார்கள், இளைய வாசகர்கள் சிலர் அவர் யார் என்றே கேட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வரியில் நான் அவசரப்பட்டுவிட்டேனோ என்ற எண்ணம் எனக்கும் வந்தது. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஸ்டோயிச்கோவுக்குப் பத்தொன்பது வயதிலேயே ஆயுள் தடை விதிக்கப்பட்டதாக ஓர் நண்பர் சொன்னார். நம்ப முடியவில்லை. உண்மையா? (திருநெல்வேலி வாசகர்)

உண்மைதான். அந்தச் சம்பவத்தை அறியாமல் அவரைப் புரிந்துகொள்ளவும் முடியாது.

1966 பிப்ரவரி 8 அன்று, பல்கேரியாவின் இரண்டாவது பெரிய நகரமான பிளோவ்திவில் பிறந்தவர் அவர். அந்நகரின் மாரித்சா கிளப்பில் சிறுவனாக ஆடத் தொடங்கி, ஹர்மன்லி என்ற சிற்றூரின் ஹெப்ரோஸ் அணி வழியாக, 1984-இல் தலைநகரின் சி.எஸ்.கே.ஏ. சோபியாவுக்கு வந்து சேர்ந்தார். சி.எஸ்.கே.ஏ. இராணுவத்தின் கிளப். அதன் பரம எதிரியான லெவ்ஸ்கி உள்துறை அமைச்சகத்தின் நிழலில் இருந்த கிளப். இவ்விரண்டும் மோதும்போது மைதானத்தில் ஓடுவது பந்து மட்டுமன்று.

1985 ஜூன் 19 அன்று பல்கேரியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் சி.எஸ்.கே.ஏ. 2-1 என்று வென்றது. ஆனால் ஆட்டத்தின்போதும் ஆட்டம் முடிந்த பின்னரும் வீரர்கள் கைகலப்பில் இறங்கினார்கள். நாட்டை ஆண்டுகொண்டிருந்த கம்யூனிஸ்ட் கட்சித் தலைமை இதை விளையாட்டுச் சச்சரவாகப் பார்க்காமல் ஒழுக்கச் சீர்கேடாகப் பார்த்தது. இரு கிளப்புகளும் கலைக்கப்பட்டு, ஸ்ரெடெட்ஸ் என்றும் விடோஷா என்றும் புதுப் பெயர்களில் மீண்டும் அமைக்கப்பட்டன. ஆயுள் முழுவதும் ஆடக் கூடாது என்று தடை விதிக்கப்பட்ட வீரர்களில் ஒருவர்தான் பத்தொன்பது வயது ஸ்டோயிச்கோவ். பின்னர் அந்தத் தடை தளர்த்தப்பட்டு அவர் மைதானத்துக்குத் திரும்பினார். எனினும் வளரும் வயதில் ஏறத்தாழ ஓர் ஆண்டு அவருக்குப் பறிபோனது.

அந்தத் தடைப் பட்டியலில் எதிரணியான லெவ்ஸ்கியின் கோல் காப்பாளர் போரிஸ்லாவ் மிஹாய்லோவின் பெயரும் இருந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து இருவரும் ஒரே சட்டையணிந்து உலகக் கோப்பை அரையிறுதி வரை சென்றார்கள். மேலும் பதினோர் ஆண்டுகள் கழித்து, மிஹாய்லோவ் நாட்டின் கால்பந்துச் சங்கத் தலைவராகவும் ஸ்டோயிச்கோவ் தேசிய அணியின் பயிற்சியாளராகவும் இருந்தார்கள். இனி ஆடவே கூடாது என்று அரசு விரட்டிய இருவரிடம் அந்த நாட்டின் கால்பந்தே வந்து சேர்ந்தது.

பார்சிலோனா போன்ற பெரிய கிளப், இரும்புத்திரைக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்த ஒருவரை எப்படிக் கண்டெடுத்தது? (கோயம்புத்தூர் வாசகர்)

பார்சிலோனா அவரைத் தேடிப் போகவில்லை. அவரே பார்சிலோனாவின் வீட்டுக்குள் புகுந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார் என்பதே சரி. 1989-இல், உள்நாட்டுக் கோப்பைகளை வென்ற ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் கோப்பை வென்றோர் கோப்பையின் அரையிறுதியில் சி.எஸ்.கே.ஏ.வும் யோஹான் கிராயிஃப் பயிற்றுவித்த பார்சிலோனாவும் மோதின. கேம்ப் நூ மைதானத்தில் நடந்த முதல் ஆட்டத்தில் பார்சிலோனா 4-2 என்று வென்றது. அந்த இரண்டு கோல்களையும் அடித்தவர் ஸ்டோயிச்கோவ். சோபியாவில் நடந்த மறு ஆட்டத்திலும் பார்சிலோனாவே 2-1 என்று வென்றது. அங்கும் சி.எஸ்.கே.ஏ.வின் ஒரே கோல் அவருடையதுதான். தோற்ற அணி அடித்த மூன்று கோல்களும் ஒரே இடதுகாலிலிருந்து வந்ததைக் கிராயிஃப் கவனிக்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

அடுத்த பருவத்தில், அதாவது 1989-90-இல், பல்கேரிய லீக்கில் 30 ஆட்டங்களில் 38 கோல்கள் அடித்து, ஐரோப்பிய லீக்குகளில் அதிகக் கோல் அடித்தவருக்கான ஐரோப்பியத் தங்கக் காலணியை ரியல் மாட்ரிட்டின் ஹூகோ சான்செஸுடன் பகிர்ந்துகொண்டார். 1990 கோடையில் பார்சிலோனாவுக்கு வந்தார்.

அன்றைய பார்சிலோனாவில் நயமாக ஆடுபவர்களுக்குப் பஞ்சமில்லை. அதட்டி ஆடுபவர்களுக்குத்தான் பஞ்சம் என்று கிராயிஃப் கருதினார். எதிரியின் முகத்துக்கு நேரே நின்று சண்டை வளர்க்கக்கூடிய ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டார். ஸ்டோயிச்கோவின் கோபத்தைப் பொறுத்துக்கொண்டு அவரை வாங்கினார் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தக் கோபத்தையும் சேர்த்தே விலை பேசினார் என்பதுதான் என் கருத்து.

நடுவரின் காலை மிதித்த ஒருவரை நீங்கள் இவ்வளவு உயர்த்திப் பேசலாமா? (ஈரோடு வாசகி)

1990 டிசம்பரில், ஸ்பானிய சூப்பர் கோப்பையில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான ஆட்டத்தில் சிவப்பு அட்டை பெற்ற ஸ்டோயிச்கோவ், நடுவர் உரிசார் அஸ்பிதார்த்தேயின் பாதத்தை வேண்டுமென்றே மிதித்தார். அதற்கு நியாயம் கிடையாது, நானும் கற்பிக்கப் போவதில்லை. மாதக்கணக்கில் தடை வந்தது, அது முறையான தண்டனையே.

நான் உயர்த்திப் பேசுவது அதற்குப் பிறகு நடந்ததை. வந்து நான்கே மாதங்களில் இப்படியொரு அவமானத்தைத் தேடித் தந்த வெளிநாட்டவரைக் கிளப் வெளியே அனுப்பவில்லை. கிராயிஃப் அவரைத் திட்டினார், காத்தார், திரும்பக் களமிறக்கினார். 1991 முதல் 1994 வரை பார்சிலோனா தொடர்ந்து நான்கு முறை லீக் பட்டம் வென்றது. அந்த நான்கிலும் அவருக்குப் பங்குண்டு. ஒரு முரடரை எப்படிக் கையாள வேண்டும் என்று தெரிந்த ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தார் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர் ஸ்டோயிச்கோவைப் பற்றிய கேள்விக்கு வரும்போது இது தேவைப்படும்.

1994 உலகக் கோப்பையில் பல்கேரியா அரையிறுதிக்குப் போனது வெறும் அதிர்ஷ்டம் என்று என் அண்ணன் வாதிடுகிறார். உங்கள் கருத்து என்ன? (தஞ்சாவூர் வாசகர்)

உங்கள் அண்ணன் ஒரு விஷயத்தில் சரி. அவர்கள் அமெரிக்காவுக்குப் போனதே நூலிழையில்தான். 1993 நவம்பர் 17 அன்று பாரிஸில் நடந்த கடைசித் தகுதிச் சுற்று ஆட்டத்தில் பிரான்சுக்கு ஒரு சமநிலை போதுமாயிருந்தது. 1-1 என்று ஆட்டம் முடியப் போன கடைசி நிமிடத்தில், லியுபோஸ்லாவ் பெனெவ் தூக்கிக் கொடுத்த பந்தை எமில் கொஸ்தாடினோவ் வலைக்குள் அறைந்தார். அன்றைய இரண்டு கோல்களும் கொஸ்தாடினோவ் அடித்தவை. அந்தப் பந்து ஓர் அங்குலம் மேலே போயிருந்தால், இந்தப் பக்கங்களில் நாம் வேறு யாரையோ பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

ஆனால் அதற்குப் பின் நடந்ததை அதிர்ஷ்டம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1962 முதல் 1986 வரை ஐந்து உலகக் கோப்பைகளில் 16 ஆட்டங்கள் ஆடி, ஒன்றைக்கூட வெல்லாத நாடு பல்கேரியா. 1994-இல் முதல் ஆட்டத்தில் நைஜீரியாவிடம் 0-3 என்று தோற்றது. வெற்றியே காணாத ஆட்டங்களின் எண்ணிக்கை 17 ஆனது. ஸ்டோயிச்கோவின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஐந்து வாரங்களுக்கு முன்புதான் ஏதென்ஸில் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் அவருடைய பார்சிலோனா மிலானிடம் 0-4 என்று நொறுங்கியிருந்தது. அந்த மனநிலையில் ஒரு முன்னணி வீரர் உடைந்துபோவது இயல்பு.

பல்கேரியா உடையவில்லை. கிரீஸை 4-0 என்று வென்றது. அதில் இரண்டு, ஸ்டோயிச்கோவ் அடித்த பெனால்டி கோல்கள். ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி மரடோனா வெளியேறியிருந்த அர்ஜென்டினாவை 2-0 என்று வென்றது. முதல் கோல் ஸ்டோயிச்கோவுடையது. அந்தக் கோலுக்குப் பின் ஒருவர் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, மீதி நேரத்தைப் பத்துப் பேரோடு ஆடியும் இன்னொரு கோல் அடித்தார்கள். மெக்சிகோவுக்கு எதிரான ஆட்டத்தில் ஒரு வீரர் வலைக்குள் விழுந்ததில் கோல் கம்பமே முறிந்து, வேறொரு கம்பத்தைக் கொண்டுவந்து நட்டார்கள். அந்த ஆட்டம் 1-1 என்று முடிந்தது. ஸ்டோயிச்கோவ் ஆறாவது நிமிடத்திலேயே கோல் அடித்திருந்தார். பிறகு பெனால்டி உதைகளில் மிஹாய்லோவ் இரண்டைத் தடுக்க, பல்கேரியா காலிறுதிக்குள் நுழைந்தது.

ஜூலை 10, நியூ ஜெர்சியின் ஜயண்ட்ஸ் மைதானம். எதிரே நடப்பு உலகச் சாம்பியன் ஜெர்மனி. 47-ஆவது நிமிடத்தில் மத்தேயுஸ் பெனால்டியில் கோல் போட்டார். 75-ஆவது நிமிடத்தில் பெனால்டி பெட்டிக்கு வெளியே ஸ்டோயிச்கோவ் கீழே தள்ளப்பட்டார். அந்த ஃப்ரீ கிக்கை நான் பதிவில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் கண் பந்தை விட்டுவிட்டு ஜெர்மானியக் கோல் காப்பாளர் இல்க்னரிடம் போகிறது. பந்து தடுப்புச் சுவருக்கு மேலே ஏறி உள்பக்கமாக வளைந்து இறங்கும்போது, அவருடைய கால்கள் தரையில் ஆணியடித்தாற்போல் நிற்கின்றன. தாவிப் பார்க்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அதற்கு மேல் மூன்றே நிமிடங்கள். யான்கோவ் வலப்பக்கத்திலிருந்து உயர்த்தி அனுப்பிய பந்துக்கு, ஹாம்பர்க் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த யோர்டான் லெச்கோவ், குள்ளமான ஹெஸ்லரை முந்திப் பாய்ந்து தலை கொடுத்தார். 2-1. இந்த லெச்கோவ் பிற்காலத்தில் தம் சொந்த ஊரான ஸ்லிவெனின் நகரத்தந்தை ஆனார்.

அரையிறுதியில் இத்தாலியின் ராபர்ட்டோ பாஜ்ஜியோ ஐந்து நிமிடங்களுக்குள் அடித்த இரண்டு கோல்கள் கதையை முடித்தன. இடைவேளைக்குச் சற்று முன் ஸ்டோயிச்கோவ் பெனால்டியில் ஒன்றைத் திருப்பினார், அவ்வளவுதான். மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் சுவீடனிடம் 0-4. ஆனாலும் ஆறு கோல்களுடன், அந்த உலகக் கோப்பையில் அதிகக் கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை ரஷ்யாவின் ஓலெக் சாலெங்கோவோடு பகிர்ந்துகொண்டு அவர் ஊர் திரும்பினார். சாலெங்கோ அந்த ஆறில் ஐந்தை ஒரே ஆட்டத்தில், கேமரூனுக்கு எதிராக அடித்தார். ஸ்டோயிச்கோவின் ஆறு கோல்கள் ஐந்து வெவ்வேறு அணிகளுக்கு எதிரானவை, அவற்றுள் அர்ஜென்டினாவும் ஜெர்மனியும் இத்தாலியும் உண்டு. இதை அதிர்ஷ்டம் என்று எப்படிச் சொல்வது என்று அண்ணனிடம் கேளுங்கள்.

இன்னொரு செய்தி. அந்த அணியின் பயிற்சியாளர் டிமிதார் பெனெவ், 1985 முதல் 1990 வரை சி.எஸ்.கே.ஏ.வில் ஸ்டோயிச்கோவைப் பயிற்றுவித்த அதே மனிதர். ஆயுள் தடையிலிருந்து மீண்டு வந்த இளைஞனைத் தம் கைக்குள் வைத்து வளர்த்தவர்.

1994-இல் ஸ்டோயிச்கோவ் பெற்ற தங்கப் பந்து (ஐரோப்பாவின் ஆண்டுச் சிறந்த வீரருக்கான பாலோன் தோர்) விருது ரொமாரியோவுக்குப் போயிருக்க வேண்டியதல்லவா? (புதுச்சேரி வாசகர்)

போயிருக்க முடியாது. அந்த ஆண்டு வரை அவ்விருது ஐரோப்பிய நாட்டு வீரர்களுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. ஐரோப்பியக் கிளப்புகளில் ஆடும் எந்த நாட்டவருக்கும் என்று விதி மாறியது 1995-இல்தான். ஆகவே பிரேசிலுக்கு உலகக் கோப்பை வாங்கித் தந்த ரொமாரியோவின் பெயர் பட்டியலிலேயே இல்லை. உலகளாவிய ஃபிஃபா விருதில் அதே ஆண்டு ரொமாரியோ முதலாவதாகவும் ஸ்டோயிச்கோவ் இரண்டாவதாகவும் வந்தார்கள். நேருக்கு நேர் ஒப்பிட்டால் நானும் அந்த வரிசையைத்தான் தருவேன்.

அதனால் ஸ்டோயிச்கோவின் விருது மாற்றுக் குறைந்ததாகிவிடாது. 1992-இலேயே அவர் வான் பாஸ்டனுக்கு அடுத்த இடத்தில் வந்தவர். தங்கப் பந்தைப் பெற்ற ஒரே பல்கேரியர் இன்றுவரை அவர்தான். ரொமாரியோ, ஸ்டோயிச்கோவ் என்ற அந்த இரண்டு மாபெரும் முன்கள வீரர்களும் 1993-94-இல் ஒரே கிளப்பில் இருந்தார்கள் என்பதுதான் எனக்கு வியப்பளிக்கிறது. ஓர் ஆட்டத்தில் மூன்று வெளிநாட்டவர்தான் களமிறங்கலாம் என்ற விதி இருந்த காலம். ரொமாரியோ, ஸ்டோயிச்கோவ், கூமன், லாட்ரூப் என்று நால்வரை வைத்திருந்த கிராயிஃப், வாரந்தோறும் ஒருவரைப் பார்வையாளராக்க வேண்டியிருந்தது. இத்தகைய வீட்டைக் குலையாமல் நடத்துவதே ஒரு பெரும் வித்தை.

இனி என் கேள்வி: இவ்வளவு பெரிய வீரர் பயிற்சியாளராக ஏன் தோற்றார்? "எட்டவில்லை" என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்களே. (சென்னை வாசகர்)

உங்கள் கோபம் நியாயமானது. விரிவாகவே எழுதுகிறேன்.

ஆடுவதிலிருந்து அவர் படிப்படியாகத்தான் விலகினார். 1995-இல் கிராயிஃபுடன் மனக்கசப்பு ஏற்பட்டு இத்தாலியின் பார்மாவுக்குப் போனார். ஒரே பருவத்தில் திரும்பிவந்து 1998 வரை பார்சிலோனாவில் ஆடினார். பிறகு சோபியா, சவூதியின் அல் நஸ்ர், ஜப்பானின் கஷிவா ரெய்சோல், அமெரிக்காவின் சிகாகோ ஃபயர், டி.சி. யுனைடெட் என்று ஊர் ஊராகச் சென்று 2003-இல் ஆட்டத்தை முடித்தார். தேசிய அணிக்காக 83 ஆட்டங்கள், 37 கோல்கள்.

2004-இல், நாடுகளுக்கிடையிலான ஐரோப்பியச் சாம்பியன் போட்டியில் (யூரோ) மூன்று ஆட்டங்களிலும் தோற்றுத் திரும்பிய பல்கேரிய அணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கிளப் ஒன்றைக்கூடத் தலைமையேற்று நடத்திப் பழகாத ஒருவருக்கு நேரே நாட்டின் அணி. இதை மரியாதை என்று நினைத்துக் கொடுத்தார்கள், அது மரியாதையே அன்று. குரோஷியாவும் சுவீடனும் இருந்த தகுதிச் சுற்றுப் பிரிவில் பல்கேரியா மூன்றாவதாக முடிந்து, 2006 உலகக் கோப்பையைத் தவறவிட்டது. தோல்வியைவிடப் பெரிய காயம் வீரர்களுடனான உறவில் விழுந்தது. அணித்தலைவர் ஸ்டிலியான் பெட்ரோவ் 2006-இல் அவருடன் முரண்பட்டுத் தேசிய அணியிலிருந்தே ஒதுங்கினார். பின்னர் திரும்பினார் என்றாலும் விரிசல் விரிசல்தான். 2007 ஏப்ரலில் ஸ்டோயிச்கோவ் பதவி விலகினார்.

விலகிய சூட்டோடு ஸ்பெயினின் செல்டா விகோ கிளப்பின் பொறுப்பை ஏற்றார். பருவம் முடிய இரண்டு மாதங்களே இருந்தன. அணி இரண்டாம் பிரிவுக்குக் கீழிறங்கும் ஆபத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது. பருவத்தின் முடிவில் செல்டா 39 புள்ளிகளுடன் பதினெட்டாம் இடம். அதற்கு மேலே தப்பிப் பிழைத்த இரண்டு அணிகளுக்கும் 40 புள்ளிகள். ஒரே ஒரு புள்ளி! எங்கோ ஓர் ஆட்டத்தில் ஒரு தோல்வியைச் சமநிலையாக்கியிருந்தால், அவரைப் பற்றிய பேச்சே வேறாக இருந்திருக்கும். இரண்டாம் பிரிவில் அணியை மீட்டெடுக்க அவர் தங்கவில்லை, 2007 அக்டோபரிலேயே வெளியேறினார்.

2009-இல் தென்னாப்பிரிக்காவின் மாமெலோடி சன்டவுன்ஸ். அங்கே அவர் நடத்திய ஒரே பருவத்தில் அணி லீக்கில் இரண்டாம் இடம் பெற்றது. அதைத் தோல்வி என்று எழுதியிருந்தால் நான் பிழை செய்தவனாவேன். ஆனால் அங்கும் அடுத்த பருவத்துக்கு அவர் இல்லை. 2012 தொடக்கத்தில் தாய்நாட்டின் லிடெக்ஸ் லொவெச். அங்கே ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் தங்கினார், கிளப் பயிற்சியாளராக அவர் நீடித்த அதிகக் காலம் அதுவே. 2013 கோடையில், தம்மை உருவாக்கிய சி.எஸ்.கே.ஏ. சோபியாவே அவரை அழைத்தது. கிளப் கடனில் மூழ்கியிருந்தது, உரிமையாளர் யார் என்பதே குழப்பம். ஒரு மாதம் போல இருந்துவிட்டு, பருவம் தொடங்கும் முன்பே விலகிக்கொண்டார்.

இந்த வரிசையை வைத்துக்கொண்டு நான் பல நாட்கள் யோசித்ததுண்டு. கோபக்காரர், ஆகவே பயிற்சிக்கு லாயக்கில்லை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் கோபக்காரப் பயிற்சியாளர்கள் பலர் பட்டங்களைக் குவித்திருக்கிறார்களே! எனக்குப் படுவது இதுதான்: ஸ்டோயிச்கோவின் பொற்காலம் ஒவ்வொன்றிலும் அவருக்கு மேலே ஒரு பெரியவர் இருந்தார். சோபியாவிலும் அமெரிக்காவிலும் டிமிதார் பெனெவ், பார்சிலோனாவில் கிராயிஃப். இவர் வெடிப்பார், அவர்கள் அந்த வெடிப்பை எதிரணியின் பக்கம் திருப்பிவிடுவார்கள். அவரே பயிற்சியாளர் இருக்கையில் அமர்ந்த அன்று, அந்தப் பெரியவரின் வேலையை அவரே செய்ய வேண்டியதாயிற்று. வெடிப்பதும் அவர், வெடிப்பை அடக்க வேண்டியவரும் அவர். எதிரணியின் பக்கம் திரும்ப வேண்டிய கோபம் சொந்த வீரர்கள் மீதும் அலுவலர்கள் மீதும் விழுந்தது.

இரண்டாவது காரணம் பொறுமை. ஃப்ரீ கிக் ஒரு நொடியில் முடிந்துவிடும். ஓர் அணியை உருவாக்க இரண்டு, மூன்று மழைக்காலங்கள் தேவை. ஆட்டக்காரராக ஆறேழு ஆண்டுகள் ஒரே கிளப்பில் நிலைத்தவர், பயிற்சியாளராக எந்தக் கிளப்பிலும் இரண்டு முழு ஆண்டுகளைத் தாண்டவில்லை. அவர் நல்ல பயிற்சியாளரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எங்கேயுமே அவர் தங்கவில்லை. சென்ற இதழில் "எட்டவில்லை" என்று எழுதியதை இப்படித் திருத்திக்கொள்கிறேன்: ஏறத் தொடங்கிய ஒவ்வொரு மலையிலிருந்தும் பாதியிலேயே இறங்கிவிட்டார்.

பல்கேரியாவின் மற்ற முன்கள வீரர்கள் பயிற்சியாளராகச் சாதித்திருக்கிறார்களா? (யாழ்ப்பாண வாசகர்)

ஸ்டொய்ச்சோ ம்லாடெனோவைப் பற்றி அவசியம் அறிந்துகொள்ளுங்கள். 1982 மார்ச்சில், அப்போதைய ஐரோப்பியச் சாம்பியனான லிவர்பூலை சி.எஸ்.கே.ஏ. சோபியா வெளியேற்றியது. முதல் ஆட்டத்தில் லிவர்பூலில் 0-1 என்று தோற்று, சோபியாவில் கூடுதல் நேரத்தின் முடிவில் 2-0 என்று வென்றது. இரண்டு கோல்களும் முன்கள வீரரான ம்லாடெனோவுடையவை. லிவர்பூலுக்கு நேர்ந்ததை மறக்காத அந்த ஊர் மக்கள் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

அவர் பயிற்சியாளராகி, 2003-இல் சி.எஸ்.கே.ஏ.வை லீக் சாம்பியனாக்கினார். அதே கிளப்புக்குப் பல முறை திரும்பத் திரும்ப வந்தார், கஜகஸ்தான் கிளப்புகளையும் நடத்தினார். 2013-இல் ஸ்டோயிச்கோவ் விட்டுச் சென்ற அதே இருக்கையில் அமர்ந்தவரும் அவரே. கடன் அதே கடன், குழப்பம் அதே குழப்பம். ம்லாடெனோவ் கிடைத்த வீரர்களைத் திரட்டி அணியை அமைத்தார், பருவத்தின் முடிவில் சி.எஸ்.கே.ஏ. லீக்கில் இரண்டாம் இடம் பெற்றது. ஒரே கிளப், ஒரே கோடை, இரண்டு முன்னாள் முன்கள வீரர்கள். ஸ்டோயிச்கோவை நேசிப்பவனாகிய எனக்கு இந்த ஒப்பீடு வலிக்கிறது.

பாரிஸில் அந்தப் பந்தைத் தூக்கிக் கொடுத்த லியுபோஸ்லாவ் பெனெவையும் சொல்ல வேண்டும். டிமிதார் பெனெவின் அண்ணன் தம்பி வழி உறவினர், வலென்சியாவின் முன்கள வீரர். 1994-இல் புற்றுநோய் கண்டதால், தாம் வாங்கித் தந்த உலகக் கோப்பை வாய்ப்பில் தாமே ஆட முடியாமல் போனவர். குணமாகித் திரும்பி, 1996-இல் அத்லெட்டிகோ மாட்ரிட் லீக்கையும் கோப்பையையும் ஒருங்கே வென்றபோது அதன் முன்களத்தில் நின்றார். பயிற்சியாளராக 2011 இறுதியில் பல்கேரியத் தேசிய அணியை ஏற்று, 2012-இல் ஆம்ஸ்டர்டாமில் நெதர்லாந்தை 2-1 என்று வென்றதும், இத்தாலியுடன் 2-2 என்று சமன் செய்ததும் குறிப்பிடத்தக்கவை.

ஸ்டோயிச்கோவுக்கும் இந்தியக் கால்பந்துக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா? (சேலம் வாசகர்)

நேரடியாக இல்லை. சுற்றுவழியில் உண்டு. 2010-இல் மாமெலோடி சன்டவுன்ஸில் அவருக்குப் பின் பொறுப்பேற்றவர் ஸ்பெயினின் அந்தோனியோ லோபஸ் ஹபாஸ். அதே ஹபாஸ்தான் 2014-இல் முதல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) பட்டத்தைக் கொல்கத்தாவுக்கு வாங்கித் தந்தார். 2020 மார்ச்சில் கோவாவில், பார்வையாளரே இல்லாத மைதானத்தில், நம் சென்னையின் எஃப்.சி.யை 3-1 என்று வீழ்த்திய கொல்கத்தா அணியின் பயிற்சியாளரும் அவரே.

இப்போது அவர் என்ன செய்கிறார்? (வேலூர் வாசகர்)

பயிற்சியை விட்டபின், அமெரிக்காவின் ஸ்பானிய மொழித் தொலைக்காட்சியில் கால்பந்து விமர்சகரானார். மனத்தில் பட்டதை மறைக்காமல் பேசும் அவருடைய குணத்துக்கு அந்த மேசை பொருத்தமான இடம்.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. இடதுகால் பழக்கம் உள்ளவன், முன்களத்தில் ஆடுகிறான். ஸ்டோயிச்கோவின் எந்த ஆட்டத்தை அவனுக்கு முதலில் காட்டலாம்? (மதுரை வாசகி)

ஜெர்மனிக்கு எதிரான ஃப்ரீ கிக்கை அவன் எப்படியும் தானே தேடிப் பார்த்துவிடுவான், அம்மா. நீங்கள் 1992 மே 20 அன்று லண்டன் வெம்பிளியில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தைக் காட்டுங்கள். பார்சிலோனாவும் இத்தாலியின் சம்ப்டோரியாவும். பார்சிலோனா அன்று ஆரஞ்சு நிறச் சட்டையில் ஆடியது.

இரண்டாம் பாதியில் ஸ்டோயிச்கோவ் அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பும். அப்போது அவர் எங்கே ஓடுகிறார் என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள். கோல் இல்லாமல் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகும். 112-ஆவது நிமிடம் நெருங்கும்போது பெட்டிக்கு வெளியே பார்சிலோனாவுக்கு ஒரு ஃப்ரீ கிக் கிடைக்கும். அங்கே படத்தை நிறுத்துங்கள். பந்தின் அருகில் மூவர் நிற்பார்கள்: ஸ்டோயிச்கோவ், பகேரோ, கூமன். ஃப்ரீ கிக் என்றால் தானே அடிக்க வேண்டும் என்று துடிக்கும் இயல்புடைய அந்த மனிதர் என்ன செய்யப் போகிறார் என்று மகனிடம் கேட்டுவிட்டு, மீண்டும் ஓடவிடுங்கள். பந்தை மெல்லப் பக்கவாட்டில் உருட்டுவார். பகேரோ காலை வைத்து நிறுத்துவார். கூமன் ஓடிவந்து அடிப்பார். பார்சிலோனாவின் முதல் ஐரோப்பியக் கோப்பை அந்த அடியில் வந்தது. எல்லாரும் கூமனைப் பார்ப்பார்கள். இரண்டாம் முறை ஓடவிடும்போது, பந்தை உருட்டிய அந்த இடதுகாலை மட்டும் அவனைப் பார்க்கச் சொல்லுங்கள்.